முந்நூறு முழம்

“என் மகனைக் கொன்றவன் ஓடித் தப்பித்த சாலை இது. இதில் நான் கல் பொறுக்க வேண்டுமா, போதகரே?”

மல்லூக் இப்படிக் கேட்டபோது, கோயில் ஊழியம் செய்யும் லேவி குலத்தவரான சக்கூர் குனிந்து ஒரு பாறையைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

“ஆமாம்” என்றார்.

அவ்வளவுதான். மறுபடியும் பாறையைப் புரட்டப் போய்விட்டார்.

மலைமேல் இருந்தது அந்த அடைக்கலப்பட்டணம். கைப்பிசகாக ஒருவனைக் கொன்றுவிட்டவன் அதற்குள் ஓடி நுழைந்துவிட்டால் அவனை யாரும் தொடக் கூடாது. பிரதான ஆசாரியன் சாகும்வரை அவன் அங்கேயே கிடக்க வேண்டும். வாசலுக்கு வெளியே அகப்பட்டானோ, செத்தவனின் உறவுக்காரன் அவனை வெட்டிப் போடலாம்; பழி இல்லை. இரண்டும் கர்த்தரின் கட்டளை. ஓடிவருகிறவன் தடுக்கி விழாதபடி வழியைச் சீராக வைக்க வேண்டும் என்பதும் கட்டளைதான். அதனால் மாரிக்காலம் முடிந்ததும், மழை உருட்டிவிட்ட கற்களையெல்லாம் சாலையிலிருந்து அகற்றுவார்கள். கயிறு பிடித்து ஆளுக்கு முந்நூறு முழம் அளந்துவிடுவார்கள்.

மல்லூக்கின் மகன் செத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. காட்டில் மரம் வெட்டும்போது சித்ரி என்பவன் ஓங்கிய கோடரி காம்பைவிட்டுக் கழன்று பறந்தது. பக்கத்தில் நின்ற பிள்ளையின் கழுத்தில் விழுந்தது. சித்ரி ஓடினான். மல்லூக் துரத்தினான். பத்தடி பிந்திவிட்டான்.

அன்றிலிருந்து பட்டணத்து வாசலே கதியென்று கிடந்தான். என்றைக்காவது சித்ரி வெளியே காலெடுத்து வைக்கமாட்டானா என்று பார்த்திருந்தான். அவனைவிடப் பதினைந்து வயது இளையவரான சக்கூர் தினமும் வந்து பக்கத்தில் உட்கார்ந்து வேதம் சொல்வார். மல்லூக் கேட்டுக்கொள்வான். ஊர் அவனைச் சீடன் என்றது. பேருக்குத்தான் சீடன், கண் என்னவோ வாசலில்தான்.

“பழிவாங்கலாம் என்றும் கர்த்தரே சொல்கிறார். ஓடுகிறவனுக்கு வழி செய் என்றும் அவரே சொல்கிறார். நான் எதற்குக் கீழ்ப்படிவது?”

“இரண்டுக்கும்.”

“முடியாது.”

“கஷ்டம்தான்” என்றார் சக்கூர். அடுத்த கல்லைத் தூக்கினார்.

மல்லூக் சீறினான். “உமக்கென்ன! உம் வீட்டில் எழவு விழவில்லை. விழுந்தால் தெரியும்.”

சொன்ன பிறகுதான் பார்த்தான், சக்கூரின் தம்பி யாகாத் தண்ணீர் நிறைந்த தோல் துருத்தியோடு பக்கத்திலேயே நின்றான். கீழே ஊற்றிலிருந்து எல்லோருக்கும் தண்ணீர் கொண்டுவருவது அவன் வேலை. அவன் கோபித்துக்கொள்ளவில்லை.

“முதலில் தண்ணீர் குடியும், ஐயா. கர்த்தரோடு அப்புறம் வழக்காடலாம்” என்று சிரித்தான்.

மல்லூக் குடித்தான். ஆனால் அன்றும் கல்லைத் தொடவில்லை. மறுநாளும் தொடவில்லை.

மூன்றாம் நாள் சக்கூர் வந்து நின்றார்.

“எல்லோர் பங்கும் முடிந்தது.”

“அதற்கு?”

“வாசலை ஒட்டிய முந்நூறு முழம்தான் பாக்கி. உம்முடையது.”

அதட்டவில்லை, கெஞ்சவுமில்லை. சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதுதான் மல்லூக்கை இன்னும் எரிச்சல்படுத்தியது.

எழுந்து போனான். இருப்பதிலேயே பெரிய கல்லாகப் பார்த்து, மார்போடு அணைத்துத் தூக்கிச் சாலையின் விளிம்புக்குக் கொண்டுபோனான். சரிவில் கல்லைத் தள்ளுகிறவன் முதலில் எட்டிப் பார்க்க வேண்டும், குரல் கொடுக்க வேண்டும். கீழே ஊற்றுக்குப் போகிற ஒற்றையடிப் பாதை இருந்தது. மல்லூக் பார்க்கவும் இல்லை, குரல் கொடுக்கவும் இல்லை.

“இந்தாரும், உம்முடைய கட்டளை!” என்று வானத்தைப் பார்த்துக் கத்திவிட்டுத் தள்ளினான்.

கீழே ஏதோ முனகியது. ஆடாக இருக்கட்டும், ஆடாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே இறங்கினான்.

யாகாத் கிடந்தான். துருத்தி கிழிந்து தண்ணீர் மண்ணில் ஓடிக்கொண்டிருந்தது. மல்லூக் அவன் தலையை மடியில் எடுத்து வைத்தான். பின்மண்டை நொறுங்கியிருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டான். மூச்சு இல்லை.

சக்கூர் சரிவில் இறங்கி வந்தார். தம்பியின் அருகில் மண்டியிட்டார். அவன் கண்களை மூடிவிட்டார்.

“இவன்மேல் உமக்கு முன்பகை உண்டா?”

“ஐயோ, இல்லை.”

“இவனைப் பார்த்தீரா?”

“இல்லை.”

“குரல் கொடுத்தீரா?”

மல்லூக் தலையைக் குனிந்துகொண்டான்.

“எழுந்து ஓடும்” என்றார் சக்கூர்.

“போதகரே, நான்…”

“ஓடும்! என் நெஞ்சு கொதிக்கிறது. நான் சொன்னால் அது கேட்காது.”

அவர் கை தரையைத் துழாவி ஒரு கல்லைப் பற்றியது. மல்லூக் ஓடினான்.

சாலைமேல் ஏறியதும் அவன் பங்குதான் எதிரே கிடந்தது. மழை போட்டபடியே கிடந்தது. நாலு எட்டு வைப்பதற்குள் விழுந்தான். எழுந்தான். மறுபடி விழுந்தபோது முழங்கால் பிளந்தது. பின்னால் காலடி கேட்டது. இளங்கால்கள், வேகமாக வந்தன.

சித்ரியும் இப்படித்தானே ஓடியிருப்பான்! இரண்டு வருஷத்தில் ஒருநாள்கூட மல்லூக் அதை நினைத்ததில்லை. இப்போது நினைத்தான். வெட்கமாக இருந்தது.

மூன்றாவது முறை விழுந்தபோது அவன் எழவில்லை. பட்டணத்து வாசல் கண்ணுக்குத் தெரிந்தது. தெரிந்து என்ன பயன்?

“அடியும், போதகரே” என்றான். “உம் பக்கம் நியாயம் இருக்கிறது.”

கண்களை மூடிக்கொண்டான்.

காலடிகள் தலைமாட்டில் வந்து நின்றன. மூச்சிரைப்பு கேட்டது. நெடுநேரம் அது மட்டுமே கேட்டது.

பிறகு காலடிகள் அவனைத் தாண்டிப் போயின. கல் உருளும் சத்தம் கேட்டது.

மல்லூக் கண் திறந்தான். பத்தடி முன்னால் சக்கூர் குனிந்து, இரண்டு கையாலும் கற்களைச் சாலையோரம் புரட்டிக்கொண்டிருந்தார். அழுதுகொண்டிருந்தார்.

“எழுந்து வாரும்” என்றார், திரும்பாமல்.

“போதகரே…”

“பேச வேண்டாம். கல்லை அகற்றிக்கொண்டே நான் முன்னால் போகிறேன். என் முதுகுக்குப் பின்னாலேயே வாரும். உம் முகத்தைப் பார்த்தேனானால் கொன்றுவிடுவேன்.”