சின்னமாயனின் விரல்

"கம்பெனிக்காரன் வாயை எப்படி மேஸ்திரி திறக்க வைக்கிறது?"

சின்னமாயன் கடை வாசலில் நின்றபடியே கேட்டார். தோளில் உறை போட்ட துப்பாக்கி. கையில் ஒரு பை நிறையக் கடிதங்கள்.

அந்த ஏலக்காய் மலையில் துப்பாக்கி பழுதுபார்க்கத் தெரிந்தவர் பவுலின் என்பவர் ஒருவர்தான். சின்னமாயனைவிடப் பதினெட்டு வயது இளையவர். ஆனாலும் மலை முழுக்க அவரை மேஸ்திரி என்றுதான் கூப்பிடும். பேச்சு குறைவு.

"என்ன ஆச்சுண்ணே?"

சின்னமாயன் கொட்டித் தீர்த்தார்.

பயிரை அழிக்கிற காட்டுப்பன்றியைச் சுட ஊராட்சி அனுமதி கொடுத்த ஐந்து பேரில் அவரும் ஒருவர். இருபது வருஷத்தில் ஒரு தோட்டா வழிமாறிப் போனதில்லை. போன வருஷம் புது ரைபிள் வாங்கினார். மார்கழியில் ஒரு விடியற்காலை, மரவள்ளித் தோட்டத்தில் காத்திருந்தும் பன்றி வரவில்லை. தோட்டாவை வெளியே எடுக்கலாம் என்று, வெடிக்காமல் தடுக்கும் சேஃப்டிப் பொத்தானைத் தள்ளி எடுத்தார். டிரிக்கரைத் தொடவில்லை. துப்பாக்கி வெடித்தது. பக்கத்தில் நின்ற கூட்டாளி எசேக்கியேலின் இடது குதிகால் போய்விட்டது.

போலீஸ் 'கைப்பிசகு' என்று எழுதிக்கொண்டது. ஊராட்சி அனுமதிப் பட்டியலில் அவர் பெயரை அடித்தது. கம்பெனிக்குப் போன் போட்டால் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்றது. ஒன்பது கடிதம் எழுதினார். ஒரே ஒரு வரி வந்தது: உபயோகிப்பவரின் கவனக்குறைவு.

"எசேக்கியேல் அண்ணன் என்ன சொல்றாரு?"

சின்னமாயன் தரையைப் பார்த்தார்.

"'உன் விரல்தான்டா மாயா'ங்கிறான்."

பவுலின் அவருடைய வலது கையைப் பார்த்தார்.

"விரல் எங்கே இருந்துச்சு?"

"வெளியேதான்."

"நிச்சயமா?"

"நிச்சயமா!"

"நாளைக்கு வாங்க."

மறுநாளும் பவுலின் அதையேதான் கேட்டார்.

"விரல் எங்கே இருந்துச்சு?"

"வெளியேன்னு நேத்தே சொன்னேனே! நீங்களும் கம்பெனி ஆளா?"

"நாளைக்கு வாங்க."

அன்று ராத்திரி அந்த விடியலைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். பனி. எசேக்கியேல் பீடி பற்றவைக்கக் குனிந்தது. கட்டைவிரல் சேஃப்டியைத் தள்ளியது. அப்புறம் சத்தம். ஆள்காட்டி விரல் இருந்த இடத்தில் மட்டும் நினைவில் ஒன்றுமே இல்லை.

மூன்றாம் நாள் வாசலில் வந்து நின்றார்.

"விரல் எங்கே இருந்துச்சு?"

"வெளியேன்னுதான் நினைக்கிறேன். சத்தியம் பண்ணச் சொன்னா முடியாது, மேஸ்திரி. சத்தத்தோட சத்தமா எல்லாம் அழிஞ்சுபோச்சு."

"உள்ளே வாங்க."

பவுலின் ரைபிளை வாங்கி, தோட்டா இல்லை என்று இரண்டு முறை பார்த்தார். ஒரு மூங்கில் சிம்பை எடுத்து சின்னமாயனின் ஆள்காட்டி விரலோடு சேர்த்து வைத்து, அடிப்பக்கத்திலிருந்து நுனிவரை துணியால் இறுகச் சுற்றினார். விரல் கட்டையாக நின்றது. எதையும் இழுக்காது.

"போல்ட் தாழ்ப்பாளை மூடுங்க. சேஃப்டியைப் போடுங்க. எடுங்க. என்ன ஆச்சுன்னு நோட்டில எழுதுங்க."

சின்னமாயன் செய்தார்.

"ஒண்ணும் ஆகலையே."

"அதை எழுதுங்க."

"எத்தனை தடவை?"

"ஆயிரம்."

அது ஆடிச் சாரல். கடையின் பின்பக்கம் தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டார். காலையிலேயே வந்துவிடுவார். மூடுவார், போடுவார், எடுப்பார், இடது கையால் எழுதுவார். எழுத்து கோழி கிளறியதுபோல இருந்தது.

பக்கத்துக் கடையில் டீ குடிக்க வந்தவர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். ஊராட்சித் தலைவர் குடையோடு வந்தார்.

"எதுக்கு இந்த வேலை, மாயன்? எவ்வளவு பெரிய கம்பெனி. அவங்களோட முட்டி ஜெயிக்கவா போறீங்க?"

"நூத்தி தொண்ணூத்தேழு" என்று சொல்லிக்கொண்டே எழுதினார் சின்னமாயன்.

இருநூற்றுப் பதினான்காவது தடவை, அவர் சேஃப்டியை எடுத்ததும், டிரிக்கரை யாரும் தொடாமலே, தோட்டாவை அடிக்கும் ஊசி உள்ளே பாய்ந்தது.

டிக்.

கட்டுப்போட்ட விரலைப் பார்த்தார். அது அசையாமல் நீட்டிக்கொண்டு நின்றது.

"மேஸ்திரி! கேட்டுச்சா? கேட்டுச்சா உங்களுக்கு?"

"கேட்டுச்சு."

"இன்னைக்கே கடிதம் போடுறேன்!"

"ஒரு தடவைன்னா மறுபடியும் உங்க கவனக்குறைவும்பாங்க. இருநூத்திப் பதினஞ்சு."

நாலாம் நாள் எசேக்கியேல் வந்தார். ஊன்றுகோல். வேடிக்கை பார்க்கத்தான் வந்திருந்தார்.

"விரல்ல என்னடா கட்டு? அப்பவே கட்டியிருந்தா என் கால் இருந்திருக்கும்."

சின்னமாயன் பலகையில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். எசேக்கியேல் உட்கார்ந்தார். மழை வலுத்தது. ஒரு மணி நேரம் சின்னமாயன் மூடினார், போட்டார், எடுத்தார், எழுதினார்.

டிக்.

எசேக்கியேல் கட்டுப்போட்ட விரலைத் தொட்டுப் பார்த்தார். வளைக்கப் பார்த்தார். வளையவில்லை.

அப்புறம் நோட்டைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டார்.

"உன் கையெழுத்தைக் கடவுளாலயும் படிக்க முடியாது. நீ தள்ளு. நான் எழுதறேன்."

ஆயிரத்தில் ஆறு. ஆறும் குளிர்ந்த காலையில்.

பவுலின் அவர்கள் கண்முன்னாலேயே டிரிக்கர் பாகத்தைத் திறந்து காட்டினார். உள்ளே நகம் அளவு ஒரு இரும்புத் துண்டு. சேஃப்டி போடும்போது விலகி, திரும்பத் தன் இடத்துக்கு வர வேண்டும். குளிரில் மசகு இறுகினால் வராமல் நின்றுவிடுகிறது.

"இதைச் சரி பண்ண முடியாதா?" என்று கேட்டார் சின்னமாயன்.

"அரை மணி நேரம் போதும்."

"அப்ப ஏன் பண்ணலை?"

"பண்ணினா இது ஒண்ணு மட்டும் சரியாயிடும்."

"அதுக்குத்தானே வந்தேன்!"

பவுலின் அந்தப் பாகத்தை மூடி, திருகாணிகளை முடுக்கிக் கையில் கொடுத்துவிட்டார்.

கம்பெனிக்கு ஒரே ஒரு பக்கம் எழுதினார்கள். அதில் திட்டு இல்லை, புலம்பல் இல்லை. ஆறு தேதி, ஆறு நேரம், ஒரு இரும்புத் துண்டின் படம்.

கடிதம் போன பதினோராம் நாள் வெள்ளை கார் ஒன்று கடை முன்னால் வந்து நின்றது. இறங்கியவர் கம்பெனியின் வட்டார மேலாளர். மெருகு குலையாத ஷூ. இரண்டு கையாலும் ஒரு நீளப் பெட்டியைத் தூக்கி மேசைமேல் வைத்துத் திறந்தார். பளபளவென்று புது ரைபிள்.

"சார், எங்க பக்கம் தப்பு எதுவும் கிடையாது. நாடு முழுக்க இந்த மாடலுக்கு ஒரு புகார்கூட வந்ததில்லை. ஆனா நீங்க மனசு வருத்தப்படக் கூடாதில்லையா? புதுசு எடுத்துக்கங்க. பழசைக் குடுத்துருங்க. இதில ஒரு கையெழுத்து."

தாளை நீட்டினார். இனி எந்தப் புகாரும் இல்லை, இதுபற்றி எவரிடமும் பேசுவதில்லை என்று அதில் அச்சாகியிருந்தது.

சின்னமாயன் புது ரைபிளைத் தடவிப் பார்த்தார். ஆசையாகத்தான் இருந்தது. பவுலினைப் பார்த்தார்.

"இது நல்லா இருக்குமா, மேஸ்திரி?"

"இருக்கும். பார்த்துப் பார்த்து எடுத்து வந்திருப்பாங்க."

"பழசை என்ன செய்வாங்க?"

"உருக்கிடுவாங்க."

"இதே மாடல் இன்னும் எத்தனை பேர் வச்சிருப்பாங்க?"

பவுலின் அரத்தை எடுத்து, மேசைப் பிடியில் இறுக்கியிருந்த வேறு யாருடைய துப்பாக்கியையோ ராவ ஆரம்பித்தார்.

மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "கீழே, அந்தக் கோட்டு மேல சார்."

சின்னமாயன் பேனாவை வாங்கினார். பழைய ரைபிளைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். குனிந்து, அந்தக் கோட்டின் மேல் நிதானமாக எழுதினார். கட்டு அவிழ்ந்த கை. எழுத்து இப்போது எல்லாருக்கும் புரிந்தது.

'துப்பாக்கி வராது. இதைச் செய்தவர்கள் இங்கே வரட்டும்.'

மேலாளர் படித்தார். முகம் கறுத்தது.

"இது கையெழுத்து போடுற இடம்."

"தெரியும்" என்ற சின்னமாயன், அதன் கீழே பெயரையும் போட்டார்.

"நீங்க யாரோட மோதுறீங்கன்னு தெரியுதா?"

அதற்கு அவர் பதில் சொல்வதற்குள் ஊன்றுகோல் தரையில் தட்டியது. கடை மூலையில் உட்கார்ந்திருந்த எசேக்கியேல் மேசைக்கு வந்துவிட்டார்.

"ஒத்தைப் பேரா இருக்கே, மாயா" என்றார். "பேனாவை இப்படிக் குடு."