மாசாணத்தோட நாலடி

மழ மறந்துபோன ஊரு ஒண்ணு இருந்துச்சாம். அங்க மாசாணம்னு ஒருத்தன், தப்புங்கிற பறைய அடிக்கிறவன். அவன் அடிச்சா படுத்த கெழவியும் எந்திரிச்சு ஆடுவாளாம். அரண்மன மத்தளக்காரரு அனந்தப்பருக்கு அது பொறுக்கல. அவரு வாசிச்சா சனம் கொட்டாவில்ல விடும்!

அவரு போயி, "ராசா, அம்மன் கோயில் ஆட்டத்துக்கு வழக்கம் நாலடிதான். டண் டண் டக் டண். இவன் கண்ட அடியையும் சேத்து அடிக்கான், அதான் மழ இல்ல. விடிஞ்சதுலருந்து பொழுது அடையிறவரைக்கும் நாலடிய மட்டும் அடிக்கட்டும். ஆடுற பொம்பளைகள்ல ஒருத்தி ஒக்காந்தாலும் இவன் கைய வெட்டுங்க"ன்னாரு. ராசா எடுப்பார் கைப்பிள்ள. "ஆகட்டும்"னுட்டான்.

மாசாணம் பொண்டாட்டி பேச்சியும் ஆட நின்னா. விடிஞ்சுது, அடிச்சான். டண் டண் டக் டண். பொழுது பன ஒசரம் ஏறுறதுக்குள்ளயே ஆடுறவளுக காலெல்லாம் தொவண்டுபோச்சு. சரின்னு வேகமா அடிச்சான், அவளுகளுக்கு மூச்சு வாங்குச்சு. பொழுது உச்சிக்கு வந்துச்சு, ஓங்கி அடிச்சான், காத மூடிக்கிட்டாளுக. பொழுது சாஞ்சுது, ஆடுறவளுகள்ல நொண்டிக் கெழவி ஒலகம்மா ஒருத்தி, அவ முழங்கால் மடங்குது. போச்சு, கை போச்சுன்னு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு அவனுக்கு. இந்தக் கை இல்லாட்டி நான் யாருன்னு நெனச்சான்.

அந்த அழுகையில கை ஓஞ்சு நாலாவது அடி பூப்போல விழுந்துச்சு. எங்கடா அடியக் காணோம்னு அவளுக தலையச் சாச்சுக் கேட்டாளுக. கேளு, இங்கதான் இருக்கு விசயம். அடி நாலுதான்னு சொன்னாங்களே தவிர, எப்படி விழணும்னு யாரு சொன்னா? ஒண்ண நடுவுல அடிச்சான், ஒண்ண ஓரத்துல அடிச்சான், ஒண்ண கெஞ்சுறாப்பல தொட்டான். பெறகு தப்போட தோலப் பாக்கல, ஆடுறவளுக காலப் பாத்தான். ஒலகம்மா கால் தரைக்கு வர்றவரைக்கும் அடிய ஒரு மயிரிழை நிறுத்தி வச்சு விட்டான். அவ சிரிச்சுட்டா! பொழுது அடையிறவரைக்கும் ஒருத்தியும் ஒக்காரல.

ராசா அனந்தப்பரப் பாத்து, "நீ அடி"ன்னான். நாலடிதானேன்னு எளக்காரமா தட்டினாரு, அத்தன பேரும் ஒக்காந்துட்டாளுக. "கைய வெட்டவா?"ன்னு கேட்டான் ராசா.

மாசாணம் ராசா கால்ல விழுந்தான். "வேணாம் ராசா. அந்தப் பயத்த நான் பகல் பூரா தின்னுட்டேன், இன்னொருத்தருக்கு அது வேணாம்."

"அப்ப மழ வர்றவரைக்கும் இந்த அனந்தப்பரே இங்க ஒக்காந்து நாலடிய அடிக்கட்டும்"னுட்டான் ராசா.

மழ வந்துச்சான்னா கேக்க? வரலயே, கண்ணு. கெணறு வத்துச்சு, மாடு செத்துச்சு, ஊரே மூட்டையக் கட்டுச்சு. ஆளில்லாத கோயில்ல அனந்தப்பரு மட்டும் அடிச்சுக்கிட்டே கெடந்தாரு, கேக்க ஒரு காக்கா இல்ல.

சனம் பாதி வழியில, வெறும் பொட்டல்ல, இனி முடியாதுன்னு ஒக்காந்துருச்சு. "கை தப்புச்சு, ஊரு தப்பலயே"ன்னு மாசாணம் ஓன்னு அழுதான்.

பேச்சி தப்ப எடுத்து அவன் மடியில வச்சா. "அழுவுறத அப்பறம் அழுவலாம். ஒலகம்மா காலப் பாருங்க. அடிங்க."

டண். டண். டக்... அந்தக் கெழவி காலுக்காக நாலாவது அடியக் கையிலயே பிடிச்சுக்கிட்டுக் காத்திருந்தான். அவ எந்திரிச்சா.

கெடுத்தவன் கெட்ட எடத்துலயே கெடக்கான், நடந்தவுக நடந்துக்கிட்டே இருக்காக, என் கத இம்புட்டுத்தான்.