நதியா படித்த அட்டை

கோபப்படாமல் கேளுங்கள் என்று சொல்லமாட்டேன். கோபப்பட்டே கேளுங்கள், ஆனால் கடைசியில் தீர்ப்பைச் சொல்லிவிட்டுத்தான் எழுந்து போக வேண்டும்.

ஆற்றங்கரைக் குடிசைகளை இடித்து, அங்கிருந்தவர்களை நகரத்துக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டினார்களே, அப்படியோர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்து அறையில் வாசிப்பு மன்றம் நடந்தது. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ரோஸ்லின் ஞாயிறுதோறும் சம்பளமில்லாமல் அதை நடத்தினாள். கல்லூரி மாணவன் தனசேகர் அவளுக்குத் துணை. இடம் மாறியதில் பள்ளிக்கூடம் எட்டாத தூரமாகிப் படிப்பை விட்ட பிள்ளைகளுக்காகத் தொடங்கிய மன்றம் அது. அப்படி விட்டவள்தான் பதினைந்து வயது நதியா.

அறை வாடகையும் புத்தகங்களும் ஓர் அறக்கட்டளை தந்தது. ஆண்டுக்கொரு முறை அதன் மதிப்பீட்டாளர் ஞானமூர்த்தி வருவார். ஒரு பத்தி அச்சடித்த அட்டையைப் பிள்ளைகளிடம் நீட்டிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். வந்திருப்பவர்களில் ஒரே ஒரு பிள்ளை ஒரு நிமிடத்துக்குள் படித்து முடிக்காவிட்டாலும் மன்றம் தேறவில்லை; அடுத்தடுத்து இரண்டு முறை தேறாவிட்டால் உதவி நின்றுவிடும். வராத பிள்ளையைப் பற்றிக் கேள்வியே கிடையாது. இப்படியொரு விதியை எந்தப் புண்ணியவான் குளுகுளு அறையில் உட்கார்ந்து எழுதினானோ! போன ஆண்டு நதியா அட்டையைத் தொடவே மாட்டேன் என்று எழுந்து வெளியே போய்விட்டாள். "இன்னும் ஒரு வருஷம் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார் ஞானமூர்த்தி.

இந்த ஆண்டு அவர் வருவதற்கு முந்தின வாரம், தனசேகர் நதியாவைத் தனியே கூப்பிட்டு அடுத்த ஞாயிறு வீட்டிலேயே இருந்துவிடச் சொன்னான். விஷயம் தெரிந்ததும் ரோஸ்லின் கொதித்துப்போனாள்.

"யாரைக் கேட்டு அவளை வராதேன்னு சொன்ன?"

"ஒருத்திக்காக எல்லாப் பிள்ளைங்களும் தெருவுல நிக்கணுமாக்கா? ஒரு நாள் வரலன்னா என்ன குறைஞ்சிடும்?"

 அந்தக் கேள்வியில் ரோஸ்லினுக்கு ஆத்திரம் இன்னும் ஏறியது.

வராதே என்று சொல்லியும் ஞாயிறன்று நதியா தலையைப் படிய வாரிக்கொண்டு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தாள். தனசேகர் ரோஸ்லினைப் பார்த்தான். ஏதாவது சாக்குச் சொல்லி அவளை வெளியே அனுப்பு என்பது அந்தப் பார்வை. 'கடைக்குப் போய்ட்டு வாடி' என்ற சொல் ரோஸ்லினுக்கு வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

நதியாவின் முறை வந்தது. எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தாள். இரண்டாவது வரியிலேயே ஞானமூர்த்தி போதும் என்று கையை உயர்த்தினார். அவள் நிமிர்ந்தே பார்க்கவில்லை. விரலை நகர்த்தி அடுத்த வரிக்குப் போனாள். பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை. கடைசிச் சொல்லையும் படித்த பிறகுதான் அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள்.

"போன தடவை தொடமாட்டேன்னவதானே நீ? பரவாயில்லையே!" என்றார் அவர். சொன்ன கையோடு, தாளில் அவள் பெயருக்கு நேரே பூஜ்யம் போட்டார். பக்கத்தில் குறிப்பு எழுத விட்டிருந்த இடத்தில் எதுவும் எழுதவில்லை.

"சார், உங்க கண்ணு முன்னாடிதானே முழுசா படிச்சா?" ரோஸ்லின் விடவில்லை.

"நேரத்துக்குள்ள முடிக்கலையேம்மா. விதி நான் போட்டதில்ல."

அடுத்த மாதமே அறைக்குப் பூட்டு விழுந்தது.

ஒருத்தியை விலக்கி எல்லோரையும் காப்பாற்றப் பார்த்தான் தனசேகர். அவளை விலக்க மனமில்லாமல் எல்லோருக்கும் இருந்த அறையைப் பறிகொடுத்தாள் ரோஸ்லின். விதியிலிருந்து மயிரிழையும் பிசகவில்லை ஞானமூர்த்தி. சொல்லுங்கள், இதில் யார் செய்தது சரி?

விடை: தனசேகர் கெட்டவன் இல்லை. ஆனால் நதியா போன்றவர்களுக்கென்றே திறந்த அறை அது. மணப்பெண்ணைத் துரத்திவிட்டு மண்டபத்தைக் காப்பாற்றி யாருக்கு என்ன லாபம்? ஞானமூர்த்தி கடமையைச் செய்தார் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மதிப்பிடுவது என்றால் அன்று எப்படி இருந்தது, இன்று எப்படி இருக்கிறது என்று பார்ப்பது. இரண்டையும் கண்ணால் கண்ட ஒரே வெளியாள் அவர். எழுத இடமும் இருந்தது; எழுதவில்லை. ஆகவே ரோஸ்லின் செய்ததே சரி. அவளிடமிருந்துதான் அறைச் சாவியைப் பிடுங்கிக்கொண்டார்கள். அவரோ அதே அட்டையை எடுத்துக்கொண்டு அடுத்த மன்றத்துக்குப் போய்விட்டார்.