சுண்ணாம்பு தடவாத கலயம்

மிருகங்களும் மனிதர்களும் ஒரே பேச்சுப் பேசி, ஒரே மரத்தடியில் உட்கார்ந்து குடித்த காலம் ஒன்று இருந்தது. அப்போது தென்காசிப் பக்கம் மலையடிவாரத்தில் ஒரு பனந்தோப்பு. பனை ஏறுகிறவன் பெயர் சங்கிலி. அவன் இறக்கித் தருவதைக் கீழே நின்று எல்லோருக்கும் ஊற்றிக் கொடுப்பவள் அவன் மனைவி உலகம்மை.

குடிக்கிற விஷயத்தில் ஒருவர் ருசி இன்னொருவருக்கு ஒத்துவருவதில்லை. கரடிக்கு முந்தாநாள் கள் வேண்டும். நன்றாகப் புளித்து, மூக்கில் ஏறி, மேலே நாலு தேனீயாவது செத்து மிதந்தால்தான் அதைக் கள் என்றே ஒத்துக்கொள்ளும். மானுக்கு அன்று காலையில் இறக்கியது, பாதி இனிப்பும் பாதிப் புளிப்புமாக. முயல் நுரையை மட்டும் நக்கிவிட்டு, தனக்குக் குடிப்பழக்கமே கிடையாது என்று காடெல்லாம் சொல்லிக்கொண்டு திரியும். அந்த மாதிரி ஆட்கள் எல்லாக் காலத்திலும் உண்டு.

புலி மட்டும் கள்ளைத் தொடாது. அதற்குப் பதநீர்தான். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிப் பாளையில் கட்டினால் விடியும்வரை சாறு புளிக்காமல் இனிப்பாகவே இருக்கும். தடவாவிட்டால் அதே சாறு கள்ளாகிவிடும். புலிக்கென்று தோப்பில் ஒரு மரத்தை ஒதுக்கி, அந்த மரத்துக் கலயங்களுக்கு மட்டும் சங்கிலி சுண்ணாம்பு தடவிவந்தான்.

புலிக்கு இனிப்புப் பிடிக்கும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தைத் தோப்புக்கு வந்த முதல் நாளே எல்லோர் முன்னாலும் அது சொல்லிவிட்டது.

"இங்க நான் ஒருத்தரையும் தொட மாட்டேன். பசிச்சாலும் தொட மாட்டேன். ஆனா எனக்குப் போதை மட்டும் ஏறிரக் கூடாது. ஏறிட்டா எதிர்ல நிக்கது யாருன்னு எனக்குத் தெரியாது."

அந்த ஒரு பேச்சை நம்பித்தான் மான் தன் குட்டியைக் கூட்டிக்கொண்டு அங்கே வந்தது. அதை நம்பித்தான் எல்லோரும் புலிக்குப் பக்கத்திலேயே சாய்ந்து உட்கார்ந்து குடித்தார்கள்.

தோப்பில் இன்னொரு கட்டுப்பாடும் இருந்தது. ஊற்றுகிறவர் அதில் வாய் வைக்கக் கூடாது. வைத்தால் எச்சில், எச்சிலைக் கொடுப்பது வந்தவரை அவமதிப்பது. அதனால் உலகம்மை தன் வாழ்நாளில் குடிக்கக் கொடுக்கும் ஓலைப் பட்டை ஒன்றில்கூட வாய் வைத்ததில்லை. எந்தக் கலயத்தில் என்ன ருசி என்று அவளுக்குக் காதால் கேட்டுத்தான் தெரியும்.

ஒரு சித்திரை மாதத்துச் சாயங்காலம். புலியின் மரத்தில் கலயம் கட்ட ஏறிய சங்கிலிக்கு வெற்றிலை போட வேண்டும்போல் இருந்தது. இடுப்பு ஓலைப்பெட்டியில் சுண்ணாம்பு கொஞ்சம்தான் கிடந்தது. வெற்றிலைக்கு இருக்கட்டும், கலயத்துக்கு இறங்கிப் போய் எடுத்துவரலாம் என்று வழித்துத் தடவி வாயில் போட்டுக்கொண்டான். வாய் சிவந்தது. மனசு குளிர்ந்தது. சுண்ணாம்பை மறந்தான். கலயங்களை அப்படியே கட்டிவிட்டு இறங்கி வீட்டுக்குப் போய்விட்டான். இந்த இடத்தைச் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சங்கிலிமேல் கோபம் வரும்.

மறுநாள் காலையில் கலயங்களை இறக்கி உலகம்மையிடம் கொடுத்துவிட்டு அவன் அடுத்த மரத்தில் ஏறினான். அவள் வடிகட்டிப் புலியின் பானையில் ஊற்றினாள். விடிந்ததிலிருந்து கள்வாடையிலேயே நிற்கிறவளுக்கு மூக்கு எதையும் பிரித்துச் சொல்லவில்லை.

புலி முதல் பட்டையைக் குடித்துவிட்டு உதட்டை நக்கியது.

"இன்னைக்கு ருசி வேற மாதிரி இருக்கே, தாயி."

"நல்லா இல்லையா, அண்ணாச்சி?"

"நல்லாத்தான் இருக்கு. நாக்குல சுர்ருன்னு ஏறுது. இன்னும் ஊத்து."

கள்ளின் ருசியே தெரியாத புலிக்கு அது கள் என்று எப்படித் தெரியும்? உலகம்மை ஊற்றினாள். வெயில் ஏற ஏறப் புலி கேட்டுக்கொண்டே இருந்தது. அவளும் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

மரத்தின் உச்சியில் பாளை சீவி முடித்த சங்கிலி, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு எடுக்கலாம் என்று பெட்டிக்குள் கையை விட்டான். விரலில் வெறும் ஓலைதான் தட்டுப்பட்டது. அப்போதுதான் நேற்றுப் போட்ட வெற்றிலை ஞாபகம் வந்தது. குனிந்து பார்த்தான். கீழே புலி பட்டையை நீட்டிக்கொண்டிருந்தது. அதன் வால் தரையை மெதுவாக அடித்துக்கொண்டிருந்தது. அந்த வால் அப்படி அடித்து அவன் பார்த்ததே இல்லை.

இறங்கினால் புலிக்கு முன்னால்தான் இறங்க வேண்டும். கத்தினால் புலிக்கும் கேட்கும். ஒன்றும் நடக்காததுபோலக் கூப்பிட்டான்.

"ஏளா உலகு, வீட்டுக்குப் போயி சுண்ணாம்பு எடுத்துட்டு வா."

"இப்பவா? நேத்து சாயங்காலம் பெட்டியில இருந்துச்சே?"

"நேத்தே தீந்துபோச்சு. கலயம் கட்டுறதுக்கு முன்னாலயே தீந்துபோச்சு. நீ உடனே கெளம்பு."

உலகம்மை நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த பானையைப் பார்த்தாள். வீடு தோப்புக்கு வெளியே, கூப்பிடு தூரத்தில் இருந்தது. சுண்ணாம்பு எடுக்கப் போகிறவளை யாரும் சந்தேகப்படப் போவதில்லை. போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் அவள் உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் கரடி காலை நீட்டிப் படுத்திருந்தது. முயல் நுரை ஒட்டிய மீசையோடு கதை அளந்துகொண்டிருந்தது. மான் பாதி மயக்கத்தில் கண் செருகிக் கிடக்க, அதன் குட்டி புலியின் வாலைத் துரத்தி விளையாடிக்கொண்டிருந்தது.

அவள் போகவில்லை. புலி நீட்டிய பட்டையை வாங்கினாள். ஊற்றினாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதைத் தன் வாயில் வைத்து ஒரு மடக்குக் குடித்தாள்.

கரடி தலையைத் தூக்கிப் பார்த்தது.

"என் பட்டையில வாய் வச்சிட்டே," என்றது புலி.

"ஆமா, அண்ணாச்சி. வச்சாத்தான் எனக்குத் தெரியும். புளிக்குது. இது பதனி இல்ல. கள்ளு. சுண்ணாம்பு தடவாத கலயம். எங்க தப்பு. விடிஞ்சதுலேருந்து உங்களுக்குக் கள்ளுதான் ஊத்திக்கிட்டு இருக்கேன்."

மரத்தின் மேல் சங்கிலி கண்ணை மூடிக்கொண்டான்.

புலி குனிந்தது. தன் முன்னங்கால்களைப் பார்த்தது. நகங்கள் தாமாகவே வெளியே வந்திருந்தன. அவற்றை உள்ளே இழுக்கப் பார்த்தது. முடியவில்லை.

"அதான் பார்த்தேன்," என்றது. குரல் குழறியது. "அந்தக் குட்டியோட கழுத்து ரொம்ப அழகா இருக்குன்னு காலையிலேருந்து தோணிக்கிட்டே இருக்கு. ஏன்னுதான் தெரியல."

கரடி எழுந்து உட்கார்ந்தது. முயல் எப்போது ஓடியது என்று யாருக்கும் தெரியாது.

"எல்லாரையும் போகச் சொல்லு, தாயி. நான் கண்ணை மூடிக்கிடுதேன். சீக்கிரம் போகச் சொல்லு."

உலகம்மை கையைக் காட்டினாள். மரங்களில் இருந்த பறவைகள் எழுந்தன. கரடி பின்பக்கமாகவே நகர்ந்து புதருக்குள் போனது. மான் தள்ளாடி எழுந்து ஓடியது. குட்டி பின்னால் வருகிறது என்று நினைத்துக்கொண்டது. குட்டி வரவில்லை. எல்லோரும் ஓடிப்பிடித்து விளையாடுகிறார்கள் என்று நினைத்து, அது புலியின் முகத்துக்கு நேரே வந்து நின்று முட்டியது.

புலி கண்ணைத் திறந்தது. அந்தக் கண்ணில் யாரையும் தெரிந்துகொண்ட அடையாளம் இல்லை.

கால் ஓங்கியதைப் பார்த்த உலகம்மை பானையைப் போட்டுவிட்டுக் குறுக்கே விழுந்தாள். அடி அவள் தோளில் இறங்கியது. குட்டி அலறிக்கொண்டு ஓடியது. மண்ணில் கள்ளும் ரத்தமும் கலந்தன. அவள் எழுந்திருக்க முடியாமல், "அண்ணாச்சி, நான் உலகம்மை," என்று மட்டும் சொன்னாள். திரும்பத் திரும்ப அதையே சொன்னாள்.

புலி அவளையே பார்த்தது. மூச்சு வாங்கியது. பிறகு, யாரோ துரத்துவதுபோலத் திரும்பி மலையைப் பார்த்து ஓடியது.

சங்கிலி மரத்திலிருந்து வழுக்கி இறங்கினான். நெஞ்சுத் தோல் உரிந்ததுகூட அவனுக்குத் தெரியவில்லை.

"உன்னய வீட்டுக்குத்தானே போகச் சொன்னேன்," என்று அழுதான்.

"போயிருந்தா அந்தக் குட்டி இருக்குமா?" என்றாள் அவள். "அழாதீங்க. துணியக் கிழிச்சுக் கட்டுங்க."

காயம் ஆறி அவள் மறுபடியும் தோப்புக்கு வந்தபோது கரடியும் வந்தது, மானும் வந்தது. ஊற்றிக் கொடுத்ததை வாங்கினார்கள். ஒருவரும் குடிக்கவில்லை. பட்டையைப் பார்ப்பதும் பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பதுமாக உட்கார்ந்திருந்தார்கள். உலகம்மை கரடியின் பட்டையை வாங்கி, எல்லோரும் பார்க்க ஒரு மடக்குக் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். கரடி பட்டையை முகர்ந்து பார்த்தது. பிறகு குடித்தது. யாரும் அதை எச்சில் என்று சொல்லவில்லை.

அன்று அவள் ஒரு கலயம் பதநீரைத் தனியாக எடுத்துக்கொண்டு காட்டின் ஓரம்வரை நடந்தாள். புதர் அசைந்தது.

"அண்ணாச்சி, பதனி கொண்டாந்திருக்கேன். நான் குடிச்சுப் பார்த்துட்டேன். தைரியமா வந்து குடிங்க."

புதருக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

"உன்னய நம்புதேன், தாயி. என்னயத்தான் நம்ப முடியல."

கள் ஊற்றுகிறவர் முதல் மடக்கைத் தானே குடித்துக் காட்டுவதும், புலி தன் இனத்தோடுகூடச் சேராமல் காட்டில் ஒற்றையாகத் திரிவதும் அந்தச் சித்திரையில் தொடங்கியவைதான்.