பெயர் கேட்ட மரம்

அந்தக் காலத்தில் மரங்களும் பேசும். பேசத் தெரிந்த எல்லோரையும்போல அவையும் அடுத்தவரைப் பார்த்துப் புழுங்கும். மலையடிவாரத்துக் குளக்கரையில் அப்படி இரண்டு மரங்கள், ஒரு தாய்ப் பிள்ளைகள். இரண்டுக்கும் இலையில் மூன்று நரம்பு, இரண்டும் வைரம் பாய்ந்த கட்டை. அண்ணன் நெடுநெடுவென்று வளர்ந்து, ஆரஞ்சு நிறத்தில் பளபளவென்று பழுத்தான். தம்பி ஒரு கோணல். அவன் பழமோ இலந்தை அளவு, கறுப்பு.

ஆனால் பெயர் இருந்தது தம்பிக்குத்தான். தண்ணீர் எடுக்க வரும் பெண்கள் அவன் கொட்டையைக் குடத்தின் உள்பக்கம் தேய்ப்பார்கள். கலங்கல் அடியில் படிந்து தண்ணீர் தெளிந்துவிடும். தேற்றிக் கொடுப்பதால் தேற்றான்.

"தேத்தான் இருக்கையிலே நமக்கென்னடி கவலை" என்பாள் செம்பாயி. அண்ணனை அவள் "அந்த மரம்" என்பாள்.

அந்த மரமாம்! அண்ணனுக்கு வயிறு எரிந்தது.

"ஏன்டா, அழகில்லை, உயரமில்லை. உனக்கு மட்டும் எப்படிடா பேரு வெச்சாங்க?"

"நான் என்னண்ணே பண்ணினேன்? கலங்கலைப் புடிச்சு அடியிலே உக்கார வெக்கிறேன், அவ்வளவுதான்."

இந்த அடக்கம் எரிச்சலை இன்னும் கிளப்பியது. பழத்துக்கு வயிறு கொட்டைதானே? நாள்தோறும் எரிந்ததெல்லாம் அங்கே போய்க் கசப்பாக இறங்கியது.

ஐப்பசி மழையில் குளம் செம்மண்ணாய்க் கலங்கிய அன்று, அண்ணன் கிளையைத் தாழ்த்தித் தன் கொட்டைகளைத் தம்பியின் காலடிச் சேற்றில் உதிர்த்தான்.

"ஒரு தடவை என்னுதைத் தேய்க்கட்டும். அப்புறம் என் பேரைத்தான் சொல்லுவாளுக."

"வேண்டாம்ணே."

"உனக்குப் பொறாமைடா" என்றான் அண்ணன்.

செம்பாயி வந்து ஒன்றைப் பொறுக்கினாள். சேறு அப்பியிருந்தது. தேற்றான் அடியில் கிடப்பது தேற்றான் கொட்டைதானே என்று குடத்தில் தேய்த்தாள். ஏர் ஓட்டிவிட்டு வந்த அவள் புருஷன் காத்தான் ஒரு மடக்குக் குடித்தான்.

"என்ன புள்ள, இப்படிக் கசக்குது?"

சொல்லி முடிப்பதற்குள் தாடை இறுகி, உடம்பு வில்லாய் வளைந்தது. பொழுது சாயும்வரை செம்பாயி அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஒரே மடக்கு என்பதால் பிழைத்தான்.

மறுநாள் குளக்கரைச் சேற்றில் கிடந்த கொட்டைகளைக் கழுவிப் பார்த்தாள். தேற்றான் கொட்டை உருண்டை. இதுவோ சப்பை. அண்ணாந்து பார்த்தாள். ஆரஞ்சுப் பழங்கள் தொங்கின. பின்னால் வந்த பெண்களைக் கைவிரித்துத் தடுத்தாள்.

"எட்டி நில்லுங்கடி! எட்டி!"

தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று மரத்துக்கு இலையெல்லாம் சிலிர்த்தது.

அன்று முதல்தான் தேற்றான் கொட்டை பொறுக்குகிறவர்கள் உருண்டையா சப்பையா என்று கழுவிப் பார்த்தே குடத்தில் தேய்க்கிறார்கள். அந்த மரத்துக்கும் அன்றுதான் பெயர் கிடைத்தது. எட்டி. இப்போது எல்லோரும் அதன் பெயரைச் சொல்கிறார்கள், சொல்லிக்கொண்டே விலகிப் போகிறார்கள்.