ஓட்டுச்சாமியின் கரை

“அம்மா, காவிரி ஏன் நம்மை மட்டும் தின்னுது?”

ஆவுடையப்பன் கேட்டார்.

வடிவம்மை முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“என்னைக் கேட்டா? தின்னுறவங்களைப் போய்க் கேளுங்க.”

அகண்ட காவிரியின் தென்கரையில் இருந்தது அந்தச் சின்ன மடம். வடிவம்மை அதன் குரு. சீடரான ஆவுடையப்பன் அவரைவிடப் பத்து வயது மூத்தவர். இருவரும் ஒருவரையொருவர் வாங்க, போங்க என்றுதான் பேசிக்கொள்வார்கள்.

மடத்தைத் தொடங்கிய ஓட்டுச்சாமி ஆற்றோரமாக அடங்கியிருந்தார். ஒரு திருவோட்டைத் தவிர வேறெதையும் கையில் வைத்துக்கொள்ளாத மனிதர். அவருடைய சமாதிக்கும் ஆற்றுக்கும் நடுவே ஒரு காலத்தில் மாட்டுவண்டி தாராளமாகத் திரும்பும்.

இப்போது ஓர் ஆள் படுத்தால் கால் ஆற்றுக்குமேல் நீட்டிக்கொண்டிருக்கும்.

“மேட்டூர் திறந்தாச்சுன்னா சமாதி இந்த வருஷம் நிக்காதும்மா.”

“ம்.”

“நாளைக்குக் காலையில கருங்கல் லாரி வருது. கரூர் அன்பர் ஒருத்தர் கொடுக்கிறார். கரை நெடுகக் கல்லை அடுக்கி, மேலே சிமெண்டு போட்டுட்டா அப்புறம் கவலையே இல்லை. நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.”

“சொல்றேன். அதுக்கு முன்னாடி ஒரு நடை போய்ப் பாத்துட்டு வந்துடலாம்.”

“தினமும் பாக்கறேனே, அம்மா.”

“நீங்க கரையில நின்னு ஆத்தைப் பாக்கறீங்க.” முறத்தை ஓரமாக வைத்துவிட்டு எழுந்தார். “மாரப்பனைப் பரிசல் எடுக்கச் சொல்லுங்க.”

*

பரிசல்காரர் மாரப்பனுக்கு வாய் சும்மா இருக்காது.

“பரிசல் ஆடினா எல்லாரும் சாமியைக் கூப்பிடுவாங்க. சாமியே ஆடினா யாரைக் கூப்பிடும்? பாத்து உக்காருங்க சாமி, ஒரு பக்கமாச் சாயாதீங்க.”

ஆவுடையப்பன் நடுவில் குந்தி இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அம்மை காலை மடித்து, வீட்டு முற்றத்தில் உட்கார்வதுபோல் உட்கார்ந்தார்.

“மேலே போப்பா. வழக்கு நிலத்துக்கு.”

மடத்து எல்லைக்கு மேற்கே ஒரு துண்டு நிலம். பங்காளிகள் இரண்டு பேர் கோர்ட்டுக்குப் போய்விட்டதால் வருஷக்கணக்காக யாரும் அதில் கால் வைக்கவில்லை. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஆவுடையப்பனுக்கு மனசு கூசும். ஒரே புதர். நாணலும் கோரையும் ஆளுயரத்துக்கு நின்றன. அதற்குமேல் நொச்சி. அதற்கும் மேல் மருத மரங்கள், பாதி உடம்பைத் தண்ணீருக்குள் சாய்த்துக்கொண்டு. போன வெள்ளத்தில் வந்த கிழிசல் துணியும் பிளாஸ்டிக் பையும் கிளைகளில் தொங்கின.

பரிசல் நெருங்கியதும் எதுவோ வழுவழுவென்று கரையிலிருந்து நழுவித் தண்ணீருக்குள் போனது.

“நீர்நாய் சாமி. உங்களைப் பாத்துத்தான் வெக்கப்படுது.”

“இந்தக் குப்பையைப் பாக்கவா கூட்டிட்டு வந்தீங்க?” என்றார் ஆவுடையப்பன்.

“இறங்கி ஒரு நாணல் பிடுங்கிட்டு வாங்க. வேரோட.”

இதென்ன பெரிய வேலை என்று இறங்கினார். முழங்கால்வரை சேறு. ஒரு தூரைக் கட்டிப்பிடித்து இழுத்தார். வரவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, காலை ஊன்றி, சிவசிவா என்று இழுத்தார். கை வழுக்கியது. சேற்றில் மல்லாந்து விழுந்தார்.

மாரப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

ஆவுடையப்பன் திரும்பி வந்தபோது கையில் இரண்டு கிழிந்த நாணல் இலைதான் இருந்தது. உள்ளங்கையை நாணல் அறுத்திருந்தது.

“வர மாட்டேங்குதும்மா.”

“நம்ம பக்கம் வந்துதே?”

“அங்கே அம்பது பேர் இருந்தோம். கடப்பாரை இருந்துது...”

பாதியில் நிறுத்திக்கொண்டார்.

*

உழவாரப் பணி என்றால் ஆவுடையப்பனுக்கு உயிர். அமாவாசைதோறும் அன்பர்களைத் திரட்டிக்கொண்டு ஏதாவது ஒரு பழைய கோயிலுக்குப் போவார். பிராகாரத்தில் முளைத்த புல்லைச் செதுக்குவார்கள். கோபுரத்து இடுக்கில் வேர்விட்ட அரசங்கன்றைப் பிடுங்குவார்கள். சிவன் சொத்தின்மேல் ஒரு செடி இருக்கக்கூடாது.

சில வருஷங்களுக்கு முன்பு அதே பக்தியோடு ஓட்டுச்சாமியின் கரையிலும் கை வைத்தார்.

முதலில் நாணல் போனது. அடுத்த அமாவாசைக்கு நொச்சி. சமாதியின்மேல் ஓயாமல் சருகு கொட்டிக்கொண்டிருந்த பெரிய மருத மரத்தைக் கடைசியாக வெட்டினார்கள். சமாதிக்கு முன்னால் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டுத் திறந்தால் எதிரே தடையில்லாமல் காவிரி. வந்தவர்கள் எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

எல்லாம் ஈசனுக்குச் செய்த வேலை. அதில் அவருக்கு ஒரு சந்தேகமும் வந்ததில்லை.

*

பரிசல் ஓட்டத்தோடு கீழே இறங்கி மடத்துக் கரைக்கு வந்தது.

மாரப்பன் கோலை ஊன்றிப் பரிசலை நிறுத்தினார்.

ஆவுடையப்பன் தன்னுடைய கரையைத் தண்ணீரிலிருந்து பார்த்தார். கத்தியால் அறுத்த கேக்கைப்போல் இருந்தது. மேலே அவர் காலையில் பெருக்கிய தரையின் விளிம்பு. அதற்குக் கீழே வெறும் மண். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கட்டி பெயர்ந்து தண்ணீரில் விழுந்தது.

அடியில் தண்ணீர் குடைந்த மண்ணுக்குள்ளிருந்து சமாதியின் செங்கல் ஒரு மூலை வெளியே தெரிந்தது.

செங்கல்லைச் சுற்றிலும் வேர்கள். தொடைத் தடிமனில், விரல் தடிமனில், நூல் தடிமனில். குழந்தையை இடுப்பில் வைத்திருக்கிறவள் கையைச் சுற்றிப் போட்டிருப்பதுபோல் செங்கல்லை வளைத்துப் பிடித்திருந்தன.

எல்லாம் கறுத்திருந்தன.

அவர் எட்டி ஒரு வேரைத் தொட்டார். புட்டு உதிர்வதுபோல் கையோடு உதிர்ந்தது.

மாரப்பன் கோலை இன்னும் ஆழமாக ஊன்றினார்.

“மருத மரத்து வேர்,” என்றார் ஆவுடையப்பன்.

“ம்.”

“நான்தான் வெட்டினேன்.”

“கரை எவ்வளவு லட்சணமா இருக்குன்னு சொன்னது யாரு? நான்தானே. அன்னைக்குச் சர்க்கரைப் பொங்கல் வேற போடச் சொன்னேன்.”

“உங்களுக்கு எப்பம்மா தெரிஞ்சுது?”

“நேத்து. எதிர்க்கரையிலேர்ந்து திரும்பி வரும்போது பாத்தேன். ராத்திரி சோறு இறங்கலை.”

ஆவுடையப்பன் உதிர்ந்த வேர்த்தூளைக் கையிலேயே வைத்திருந்தார். தண்ணீரில் போட மனசு வரவில்லை.

“அப்போ கல்தாம்மா வழி. வேர் விட்ட வேலையைக் கல்லு பாக்கட்டும். செஞ்ச பாவத்துக்கு நானே ஒவ்வொரு கல்லா இறக்கி அடுக்கறேன்.”

அம்மை கையை நீருக்குள் இறக்கினார். விரல்களைச் சேர்த்து, உள்ளங்கையை ஓட்டத்துக்கு எதிரே சுவர்போல் நிறுத்தினார்.

தண்ணீர் வந்து கையில் மோதியது. கொஞ்சம் மேலெழும்பியது. பிறகு கையைச் சுற்றி வளைந்து, முன்னைவிட வேகமாகக் கீழ்ப்பக்கக் கரையைப் பார்த்து ஓடியது.

கையை எடுக்காமலே கேட்டார்.

“மாரப்பா, உன் வீடு எங்கே?”

“தெரியாத மாதிரி கேக்கறீங்களேம்மா. அதோ, நமக்குக் கீழே, அந்த வளைவுல. சேலை காயுது பாருங்க, அதுதான்.”

கரையை ஒட்டி ஓர் ஓட்டு வீடு. வாசலில் ஓர் ஆடு. மாரப்பனின் மனைவி தண்ணீருக்கு அருகே குந்தியபடி சட்டி தேய்த்துக்கொண்டிருந்தார். பரிசலைப் பார்த்துக் கையைத் தூக்கி ஏதோ கத்தினார்.

“என்ன சொல்றாங்க?” என்றார் ஆவுடையப்பன்.

“சாமிமாரை ஏத்திக்கிட்டு ஊர் சுத்தறியே, சாப்பிட வர்றியா இல்லையாங்கறா.”

ஆவுடையப்பன் அந்த வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தண்ணீருக்குள் இருந்த அம்மையின் கையைப் பார்த்தார்.

“லாரி வேண்டாம்னு போன் பண்ணிடறேன்.”

அம்மை கையை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

பரிசல் லேசாகச் சுற்றியது.

“இன்னைக்கே நாணல் நட ஆரம்பிச்சாலும் இந்த வெள்ளத்துக்குள்ள வேர் பிடிக்காதேம்மா.”

“பிடிக்காது.”

“நொச்சிக் குச்சி ஊணினா?”

“ஊணணும். அடுத்த வருஷத்துக்கு ஆகும்.”

“அப்போ ஓட்டுச்சாமி?”

அம்மை செங்கல் மூலையை ஒருமுறை பார்த்தார்.

“போயிடுவார்னுதான் தோணுது.”

ஆவுடையப்பன் அம்மை பக்கம் திரும்பினார். “காக்கிறேன்னு சொல்லி வந்து சேர்ந்தவன்மா நான். அவர் காலடியில வேற என்ன கேட்டேன்? எங்கேம்மா போவார் அவரு?”

அம்மை அவருடைய அறுபட்ட கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். முந்தானை ஓரத்தைக் கிழித்து, சேற்றைத் துடைத்து, சுற்றிக் கட்டினார்.

“கீழே ஏதாவது ஒரு திருப்பத்தில வண்டலா ஒதுங்குவார். தண்ணி வடிஞ்சா அவர்மேல நாணல் முளைக்கும்.”

முடிச்சை இறுக்கினார்.

“அதையாவது செதுக்காதீங்க.”