அம்மிப்பல்லுச் சுறா

ஒரு ஊர்ல ஒரு கடல் இருந்துச்சாம். நம்ம அரியலூர்தான் கண்ணு. இப்போ சுண்ணாம்புக்கல்லு வெட்டுற எடமெல்லாம் அப்போ அலையடிச்சிக்கிட்டுக் கெடந்துச்சு. கேக்குறியா? ம்.

அந்தக் கடல்ல ஒரு கெழட்டுச் சுறா. வாய் நெறைய தட்டைப் பல்லு, அம்மிக்கல்லாட்டம். சிப்பியை மடக் மடக்னு ஒடைச்சுத் திங்கும். ஒரு நாள் ஊசிப்பல்லுச் சுறாவும் ரம்பப்பல்லுச் சுறாவும் சர்ருனு வந்துச்சுங்க.

"கடல் வத்துது கெழவி. நாங்க ஆழத்துக்குப் போறோம்."

"நானும் வர்றேன்ப்பா."

"இந்தப் பல்லை வச்சிக்கிட்டு நீயும் சுறான்னு வெளிய சொல்லாத, சிரிப்பாங்க. கூரா ஒரு பல்லு மொளைக்கட்டும், கூட்டிக்கிறோம்."

சுறாவுக்குத்தான் விழ விழ மொளைக்குமே. சிப்பி ஒடைச்சுத்தான் பல்லு மழுங்கிடுச்சுன்னு நெனைச்சுக்கிட்டு, கெழவி அன்னையிலேருந்து பட்டினி.

அப்புறம் ஒரு பல்லு பொட்டுனு விழுந்துச்சு. மொளைச்சது தட்டை. அப்புறம் இன்னொண்ணு, பொட்டு. அதுவும் தட்டை. வாலை அசைக்கக்கூடத் தெம்பில்ல. அப்போ மூணாவதும் விழுந்துச்சு. ம் கொட்டு... அதுவும் தட்டைதான் கண்ணு.

"போதும்டா சாமி"ன்னு ஒரு சிப்பியை வாயில போட்டுச்சு. மடக்! அப்பாடா.

கூட்டம் போயிடுச்சு. கெழவி அங்கயே தின்னுச்சு, அங்கயே தூங்குச்சு. ஆனா சாகுற வரைக்கும் ஒரே கேள்வி: நான் சுறாதானா, இல்லையா?

அப்புறம் கடலே வத்திப் போச்சு. சுறாவுக்கு எலும்பு ஏது? உள்ள வெறும் குருத்துதான், நம்ம காது மடலாட்டம் மெத்துனு இருக்கும், மக்கிப் போச்சு. பல்லு மட்டும் மண்ணுக்குள்ள. கூட்டம் உதுத்துட்டுப் போன பல்லும் கூடவே.

எத்தனையோ காலம் கழிச்சு இசைவாணின்னு ஒரு அக்கா, அந்தக் காலத்துப் பல்லு தேடி ஆராய்ச்சி பண்ண வந்தா. நாளெல்லாம் மண்ணைச் சலிச்சு சலிச்சு இடுப்பு விட்டுப் போச்சு. அப்போ சல்லடையில மூணு நின்னுச்சு.

ஊசியை எடுத்தா. "நீ வழுக்குற மீனைக் குத்திப் புடிச்சவன்."

ரம்பத்தை எடுத்தா. "நீ பெருசைக் கிழிச்சுத் தின்னவன்."

மூணாவது தட்டை. கூட வந்த தோழி, "கூழாங்கல்லுடி, தூக்கிப் போடு"ன்னா.

அக்கா எச்சில் தொட்டுத் தொடைச்சா. மேல வரிவரியா மேடு.

"கல்லா இது? சிப்பி ஒடைச்ச பல்லு! நீயும் சுறாதான்டி ஆத்தா. அடேயப்பா, ஒரே கடல்ல எத்தனை விதமா இருந்திருக்கீங்க!"

மூணையும் ஒரே உள்ளங்கையில வச்சு மூடிக்கிட்டா.

கெழவிக்கும் எடம் கெடைச்சாச்சு, கதைக்கும் அசதி வந்தாச்சு. நீயும் கண்ணை மூடு.